பத்துக் கிலோமீட்டர்ப் பயணத்தின் ஆற்றல் கணக்கு

செகந்திராபாத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலைக்கு ராஜீவ் ரஹதாரி என்று பெயர். அது திருமலகிரி, லோத்துகுண்டா ஆகிய இடங்களைக் கடந்து அல்வாலை அடைகிறது. பின்னர் சாமீர்பேட்டை வழியாகக் கரீம்நகருக்கும் ராமகுண்டத்துக்கும் நீள்கிறது. முற்காலத்தில் படை முகாம்களை அடுத்த சிற்றூராக இருந்த அல்வால், பிற்காலத்தில் தனி நகராட்சியாக வளர்ந்து, 2007-ஆம் ஆண்டில் ஹைதராபாத் பெருநகர மாநகராட்சியுடன் இணைக்கப்பெற்றது. படைப்பிரிவுகளைத் தொடர்ந்து செகந்திராபாத் பகுதிக்கு வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இவ்வூர்ப் பெயர்கள் பழக்கமானவையே.

அல்வாலில் சாலையேயன்றி ஓர் இருப்புப்பாதையும் உண்டு. ஹைதராபாத்–கோதாவரி பள்ளத்தாக்கு ரயில்வே என்ற பெயரில், செகந்திராபாத்தையும் மன்மாடையும் இணைக்க மீட்டர்ப் பாதையாக அமைக்கப்பெற்று, 1901-ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற பாதை அது. பின்னர் அது அகலப் பாதையாக மாறியது, மின்மயமும் ஆயிற்று. 2023 ஏப்ரல் மாதத்தில் எம்.எம்.டி.எஸ். எனப்படும் நகர மின்சார ரயில் செகந்திராபாத்திலிருந்து இவ்வழியே மேட்சல் வரை ஓடத் தொடங்கியது.

ஆகவே அல்வாலிலிருந்து செகந்திராபாத்துக்கு அலுவலகம் செல்லும் ஒருவர் நடக்கலாம், சைக்கிளில் போகலாம், ஸ்கூட்டரில், காரில், பேருந்தில், மின்சார ரயிலில் போகலாம். இவற்றுள் எது குறைந்த ஆற்றலைச் செலவிடுகிறது? ரயில்தான் சிக்கனம் என்பது பாடப் புத்தகம் படித்த எவரும் தயங்காமல் கூறும் விடை. அவ்விடை பாதி உண்மையே. மற்றப் பாதியை எண்களைக் கொண்டே காண இயலும். கூட்டலும் வகுத்தலும் அறிந்த மாணவர்களைக் கொண்டே அக்கணக்கைப் போட்டுவிடலாம்.

அளவுகோல்

பெட்ரோலை லிட்டரிலும், மின்சாரத்தை யூனிட்டிலும், உணவைக் கலோரியிலும் அளப்பது வழக்கம். மூன்றையும் ஒப்பிட வேண்டுமானால் அவற்றை ஒரே அளவுக்குக் கொண்டுவருதல் வேண்டும். வீட்டு மின்கட்டணச் சீட்டில் காணப்படும் யூனிட், அதாவது ஒரு கிலோவாட்-மணி, இதற்கு ஏற்றது. ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரிக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் சுமார் 9 யூனிட் வெப்பம் கிடைக்கும். ஒரு லிட்டர் டீசலை எரித்தால் சுமார் 10 யூனிட். இவை முழு எண்ணாக்கிய மதிப்புகள். தூரத்தையும் கணக்கின் வசதிக்காக 10 கி.மீ. என்று கொள்ளலாம், உண்மைத் தூரம் புறப்படும் தெருவையும் சேரும் இடத்தையும் பொறுத்துச் சற்றுக் கூடும் அல்லது குறையும்.

கால்களும் சைக்கிளும்

நடப்பதற்குச் செலவே இல்லை என்பது பொதுவான எண்ணம். உடல் அவ்வாறு எண்ணுவதில்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் நடக்க ஏறக்குறைய 50 கிலோ கலோரி செலவிடுகிறார். பத்துக் கிலோமீட்டருக்கு 500 கிலோ கலோரிக்குச் சற்று மேல், அதாவது 0.6 யூனிட். இட்லிக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழப் பத்து இட்லி.

அதே மனிதர் அதே தூரத்தைச் சைக்கிளில் மிதமான வேகத்தில் கடந்தால் 150 முதல் 200 கிலோ கலோரி வரையே ஆகும். இது 0.2 யூனிட் அளவு. மூன்று நான்கு இட்லியில் அடங்கிவிடும். 1973-இல் எஸ். எஸ். வில்சன் என்பார் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய கட்டுரையொன்றில், ஒரு கிராம் எடையை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல ஆகும் ஆற்றலைப் பறவை, மீன், குதிரை, விமானம் முதலிய பலவற்றுக்கும் ஒப்பிட்டார். நடக்கும் மனிதன் அவ்வரிசையில் சிறப்பான இடத்தைப் பெறவில்லை. சைக்கிளில் ஏறிய மனிதனோ நடப்பவனின் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலில் சென்று அனைத்தையும் விஞ்சி நின்றான்.

காரணம் எளிது. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடல் சற்று மேலெழுந்து தாழ்கிறது. முன்வைத்த கால் தரையில் ஊன்றும்போது வேகத்தைச் சிறிது தடுக்கிறது. உடலின் எடை முழுவதையும் தசைகளே தாங்க வேண்டும். சைக்கிளிலோ எடையை இருக்கை தாங்குகிறது. உடல் ஏறி இறங்குவதில்லை. தொடையின் பெரிய தசைகள் மட்டும் தமக்கு ஒத்த வேகத்தில் இயங்குகின்றன.

உணவும் இலவசமாக விளைவதன்று என்பதை இங்கே நினைவூட்டல் தகும். உரத்துக்கும், பாசன மோட்டாருக்கும், அரிசி ஆலைக்கும், அடுப்புக்கும் ஆற்றல் செலவாகியிருக்கிறது. அதனைச் சேர்த்தால் நடப்பவரின் கணக்கு இன்னும் கூடும். ஆயினும் நடப்பதால் உண்டாகும் உடல் நலத்தை யூனிட்டில் எழுத இயலாது.

ஹைதராபாத்தின் வெளிவட்டச் சாலையை ஒட்டி, சூரிய மின்தகடுகளைக் கூரையாகக் கொண்ட 23 கி.மீ. நீளச் சைக்கிள் பாதை 2023 அக்டோபரில் திறக்கப்பெற்றது. பாராட்டத்தக்க அமைப்பு. ஆனால் அது நகரின் மேற்குக் கோடியில் உடற்பயிற்சிக்கு வருவோருக்கு உதவுகிறது; அல்வாலிலிருந்து வேலைக்குச் செல்பவர் லாரிகளுக்கிடையேதான் மிதிக்க வேண்டும். சைக்கிளின் 0.2 யூனிட்டைப் பெரும்பாலோர் கைவிட்டதற்கு ஆற்றல் கணக்கு காரணமன்று. அச்சமும் வெயிலுமே காரணம்.

எஞ்சின் வண்டிகள்

ஒரு ஸ்கூட்டர் நகரப் போக்குவரத்தில் லிட்டருக்கு 45 கி.மீ. ஓடுவதாகக் கொண்டால், பத்துக் கிலோமீட்டருக்கு 0.22 லிட்டர் பெட்ரோல், அதாவது 2 யூனிட் ஆகும். பின்னிருக்கையில் இன்னொருவர் ஏறினால் தலைக்கு 1 யூனிட். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் கார் அதே தூரத்துக்கு 6 யூனிட் செலவிடும். ஒருவரே ஓட்டிச் சென்றால் அந்த ஆறும் அவருடையது. நால்வர் சென்றால் தலைக்கு 1.5.

பெட்ரோல் எஞ்சினில் எரியும் வெப்பத்தில் நகரப் பயணத்தின்போது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சக்கரத்தை அடைகிறது. எஞ்சியது புகைபோக்கி வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறுகிறது. லோத்துகுண்டாவிலோ திருமலகிரியிலோ சிவப்பு விளக்குக்காக எஞ்சினை நிறுத்தாமல் நிற்கும் கார் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பெட்ரோலைக் குடிக்கும்; கடந்த தூரமோ சூன்யம்.

பேருந்தின் நிலை வேறு. லிட்டருக்கு நாலரைக் கிலோமீட்டர் ஓடும் டீசல் பேருந்து பத்துக் கிலோமீட்டருக்கு 2.2 லிட்டர், அதாவது 22 யூனிட் செலவிடும். எண் பெரிதாகத் தோன்றுகிறது. 40 பேர் ஏறியிருந்தால் தலைக்கு 0.55 யூனிட்டே ஆகும். நடப்பவர் செலவிடும் உணவாற்றலும் ஏறக்குறைய அதுவேயாம்! நிரம்பிய பேருந்தில் செல்பவர் நடந்து செல்பவரைவிட அதிக ஆற்றலைச் செலவிடுவதில்லை என்பது பலருக்கும் வியப்பளிக்கக்கூடும். அதே பேருந்தில் 11 பேர் மட்டும் இருந்தால் தலைக்கு 2 யூனிட். தனியே செல்லும் ஸ்கூட்டர்க்காரருக்குச் சமம். நான்கு பேர் மட்டும் இருந்தால் தனியே செல்லும் கார்க்காரருக்குச் சமம்.

காலையில் செகந்திராபாத் நோக்கி நெருக்கியடித்துச் செல்லும் பேருந்து, உடனே திரும்பி அல்வால் வரும்போது இருக்கைகள் காலியாகவே வரும். கணக்கில் இரு பயணங்களையும் சேர்த்தல் வேண்டும். நெரிசல் நேரத்தில் மட்டும் பேருந்தைப் பார்ப்பவர் அதனை மிகையாகப் புகழ்கிறார். நண்பகலில் மட்டும் பார்ப்பவர் மிகையாக இகழ்கிறார்.

தண்டவாளத்தின் தனிச்சிறப்பு

இனி ரயிலுக்கு வரலாம். ஒரு டன் எடையுள்ள வண்டியைச் சமதளமான தார்ச்சாலையில் ரப்பர் டயரின்மேல் மெல்ல இழுத்துச் செல்ல ஏறக்குறைய 10 கிலோ எடையளவு விசை தேவை. அதே ஒரு டன்னைத் தண்டவாளத்தின்மேல் எஃகுச் சக்கரத்தில் இழுக்க 2 கிலோ எடையளவு விசையே போதும். ரப்பர் டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் அமுங்கி, வளைந்து, மீண்டும் விரிகிறது. அவ்வாறு அமுங்கும்போது கொடுத்த ஆற்றல் முழுவதும் விரியும்போது திரும்புவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிறது. நெடுந்தூரம் ஓடி நின்ற பேருந்தின் டயரைத் தொட்டுப் பார்த்தால் அச்சூட்டை உணரலாம். எஃகுச் சக்கரமும் எஃகுத் தண்டவாளமும் மிகச் சிறிதளவே அமுங்குகின்றன. அவை தொட்டுக்கொள்ளும் பரப்பு ஒரு சிறிய நாணயத்தின் அளவே ஆகும்.

இந்த ஐந்து மடங்கு வேறுபாடே ரயிலின் புகழுக்கு அடிப்படை. நகர ரயிலில் இப்புகழ் ஓரளவு குலைகிறது. நகர ரயில் ஓடுவதைக் காட்டிலும் நிற்பதிலும் புறப்படுவதிலுமே அதிக ஆற்றலைச் செலவிடுகிறது.

செகந்திராபாத்துக்கும் அல்வாலுக்கும் இடையே மல்காஜ்கிரி, சஃபில்குடா, அம்முகுடா, கவல்ரி பாரக்ஸ் முதலிய நிலையங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பயணிகளோடு 500 டன் எடையுள்ள ரயில் ஒன்று, இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு முறை நின்று, ஒவ்வொரு முறையும் மணிக்கு 60 கி.மீ. வேகத்தை அடைவதாகக் கொள்ளலாம். அவ்வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 19 யூனிட். பத்துக் கிலோமீட்டரில் ஐந்து முறை புறப்பட வேண்டுமானால் 96 யூனிட். மோட்டாரிலும் மின்மாற்றியிலும் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 110-ஐத் தாண்டும். தண்டவாள உராய்வைக் கடக்கவோ அந்தப் பத்துக் கிலோமீட்டர் முழுவதற்கும் 27 யூனிட்டே ஆகும். காற்றின் தடை, விளக்கு, மின்விசிறி ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 150 யூனிட். இதில் பெரும்பகுதி பழைய முறையில் பிரேக் கட்டைகளில் வெப்பமாக வீணாயிற்று.

மூன்று கட்ட மின்னோட்ட மோட்டார்கள் வந்தபின் இந்நிலை மாறியது. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறி, மின்சாரத்தை மேற்கம்பிக்குத் திருப்பியனுப்புகிறது. இதனை மீளாக்கத் தடுப்பு எனலாம். டில்லி மெட்ரோ இம்முறையால் சேமித்த ஆற்றலுக்காக, ஐக்கிய நாடுகள் அமைப்பின் தூய வளர்ச்சித் திட்டத்தில் பதிவுபெற்ற முதல் ரயில்வே ஆயிற்று. நகர ரயிலில் இம்முறையால் சுமார் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் மீள்வதாகக் கொண்டால், மேற்கூறிய 150 யூனிட் 100 யூனிட்டாகக் குறையும்.

இந்தியாவில் மின்சார ரயில் 1925-இல் பம்பாயில் தொடங்கியது; 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர்ப் பாதையில் வந்தது. தாம்பரம் வழியின் சிறப்பு மின்சாரத்தால் மட்டும் வந்ததன்று. அவ்வழியில் அட்டவணையைப் பாராமலே நிலையத்துக்குச் செல்லலாம் என்னும் நம்பிக்கை மக்களிடையே வேரூன்றியது. அல்வால் பாதையின் கணக்கும் இவ்விடத்தில்தான் திரும்புகிறது.

ராமகுண்டத்தின் நிலக்கரி

ரயில் மேற்கம்பியிலிருந்து எடுக்கும் 100 யூனிட்டை, பேருந்து டீசலிலிருந்து எடுக்கும் 22 யூனிட்டோடு நேராக ஒப்பிடுதல் பொருந்தாது. டீசலின் கணக்கு எரிபொருளின் வெப்பத்தில் போடப்பட்டது. மின்சாரமோ முன்னமே ஓரிடத்தில் எரிபொருளிலிருந்து ஆக்கப்பட்டு வந்தது. அல்வாலைக் கடந்து செல்லும் அதே நெடுஞ்சாலையின் மறுகோடியில் ராமகுண்டம் இருக்கிறது. அங்கே தேசிய அனல்மின் கழகத்தின் 2,600 மெகாவாட் நிலையம் சிங்கரேணி நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்குகிறது. அனல்மின் நிலையத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை எரித்தால், வழியில் ஏற்படும் இழப்பும் போக, ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரமே பயன்படும் இடத்தை அடைகிறது. எல்லா மின்சாரமும் நிலக்கரியிலிருந்தே வருவதாகக் கொண்டால், ரயிலின் 100 யூனிட் எரிபொருள் கணக்கில் 300 யூனிட்டாகும்.

இந்த 300-ஐப் பயணிகளுக்குப் பகிர்ந்தளித்துப் பார்க்க வேண்டும். ஆயிரம் பேர் சென்றால் தலைக்கு 0.3 யூனிட். பேருந்தைவிடச் சிக்கனம், நடப்பவரைவிடவும் சிக்கனம், சைக்கிளுக்கு அடுத்த இடம். 150 பேர் சென்றால் தலைக்கு 2 யூனிட். ஸ்கூட்டரில் தனியே செல்வதற்குச் சமம். 50 பேர் மட்டும் சென்றாலோ தலைக்கு 6 யூனிட். காரில் தனியே செல்வதற்குச் சமம். 500 டன் எஃகில் 50 பேர் என்றால், ஒவ்வொருவரும் 10 டன் எஃகைத் தம்முடன் இழுத்துச் செல்கிறார் என்று பொருள். கார்க்காரர் இழுத்துச் செல்வது ஒரு டன். சைக்கிள்காரர் 20 கிலோவுக்குள்.

தண்டவாளம் அளித்த ஐந்து மடங்கு ஆதாயத்தைக் காலி இருக்கைகள் இவ்வாறு விழுங்கிவிடக்கூடும். எஞ்சினீயர் எவ்வளவு திறமையாக மோட்டாரை அமைத்தாலும் தலைக்கு ஆகும் செலவில் பாதியையோ மூன்றில் ஒரு பங்கையோதான் குறைக்க இயலும். அட்டவணை போடுபவரோ அதனை இருபது மடங்கு கூட்டவும் குறைக்கவும் வல்லவர். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வரும் ரயிலை நம்பி மக்கள் தம் ஸ்கூட்டரை வீட்டில் விட்டுச் செல்வர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வரும் ரயிலை, அது எவ்வளவு சிக்கனமாயினும், வேலைக்குச் செல்பவர் நம்பமாட்டார். பயணிகள் குறைவு என்று ரயில்களைக் குறைத்தால், ரயில்கள் குறைவு என்று பயணிகள் மேலும் குறைவர்.

இதற்கு மாறாக ஒரு வாதமும் உண்டு. அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. பயணிகள் வருமுன் ரயில்களை மிகுதியாக ஓட்டினால், அவை காலியாக ஓடி ஆற்றலை வீணாக்கும் அல்லவா? வீணாக்கும்தான். சில மாதங்களோ ஓர் ஆண்டோ அவ்வாறு வீணாக்க நேரலாம். அந்நாளில் சிறிய ரயில்களை, அதாவது பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, அடிக்கடி ஓட்டுவது ஒரு வழி. 500 டன்னுக்குப் பதிலாக 250 டன் எடையுள்ள ரயில் ஏறக்குறையப் பாதி ஆற்றலில் ஓடும். பயணி காத்திருக்கும் நேரம் கூடுவதில்லை. மெட்ரோ ரயில்கள் பெரும்பாலும் இம்முறையையே கையாளுகின்றன. 2017 நவம்பரில் தொடங்கிய ஹைதராபாத் மெட்ரோ மூன்று பெட்டிகளைக் கொண்ட ரயில்களையே ஓட்டிவந்தது.

ஒரே கையில் இரு அட்டவணைகள்

ஹைதராபாத் சமஸ்தானத்தில் 1932-ஆம் ஆண்டில் ஒரு புதுமை நிகழ்ந்தது. நிஜாம் அரசு ரயில்வேயே 27 பேருந்துகளையும் 166 ஊழியர்களையும் கொண்டு சாலைப் போக்குவரத்தைத் தொடங்கியது. இருப்புப்பாதையும் பேருந்தும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தமையால், ஒன்றன் அட்டவணையை மற்றொன்றோடு பொருத்துவதற்கு வாய்ப்பு இருந்தது. 1951-இல் ரயில்வே மத்திய அரசின் மத்திய ரயில்வேயில் சேர்ந்தது. பேருந்துத் துறை மாநில அரசின்கீழ் வந்தது. 1966 முதல் அல்வால் பாதை தென்மத்திய ரயில்வேயைச் சார்ந்தது. நிர்வாகக் காரணங்களால் இப்பிரிவு தவிர்க்க இயலாததாக இருந்திருக்கலாம். ஆற்றல் கணக்கின் நோக்கில் பார்த்தால் அது ஓர் இழப்பே. வீட்டிலிருந்து நிலையம் வரையிலான ஒன்று இரண்டு கிலோமீட்டரை எவர் கொண்டுசெல்வது என்னும் வினா இரு நிர்வாகங்களுக்கும் இடையே நின்றுவிட்டது.

இந்த ஒன்று இரண்டு கிலோமீட்டர் அற்பமானதன்று. காலையில் குளிர்ந்த எஞ்சினோடு புறப்படும் ஸ்கூட்டர், முதற் கிலோமீட்டரில் வழக்கத்தைவிட அதிகப் பெட்ரோல் கேட்கும். நிலையத்துக்கு ஸ்கூட்டரில் போய், அங்கே நிறுத்த இடமின்றித் தவிப்பவர், செகந்திராபாத் வரை அதிலேயே போய்விடலாம் என்று முடிவு செய்வதில் வியப்பில்லை.

பேருந்துப் பக்கத்தில் பகுதி எண்ணைக் கூட்டிய நிகழ்ச்சி ஒன்று அண்மையில் நேர்ந்தது. 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வழங்கப்பெற்றது. பேருந்துகள் நிரம்பின, ஒருவருக்கு ஆகும் டீசல் குறைந்தது. இத்திட்டம் ஆற்றல் சேமிப்புக்காக வகுக்கப்பட்டதன்று. இருப்பினும் விளைவு அவ்வாறு ஆயிற்று. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. புதிதாக ஏறிய பெண்மணி முன்பு ஸ்கூட்டரிலோ ஆட்டோவிலோ சென்றவரானால் எரிபொருள் உண்மையாகவே மிச்சமாயிற்று. முன்பு வீட்டிலேயே இருந்து, இப்போது வேலைக்கோ மருத்துவமனைக்கோ செல்பவரானால், எரிபொருள் மிச்சமாகவில்லை. அவருக்குப் பயணம் கிட்டிற்று. இரண்டும் நன்மையே; ஆனால் வேறு வேறு நன்மைகள்.

சாலையை அகலப்படுத்துதலும் இக்கணக்கில் சேரும். பாரடைஸ் பகுதியிலிருந்து ராஜீவ் ரஹதாரி வழியே சாமீர்பேட்டை வரை சுமார் 18 கி.மீ. நீளத்துக்கு உயர்மட்டச் சாலை அமைக்க 2024 மார்ச் மாதத்தில் அடிக்கல் நாட்டப்பெற்றது. இத்தகைய சாலையில் வண்டிகள் நின்று நின்று செல்வது குறையும். ஒவ்வொரு வண்டியின் பெட்ரோல் செலவும் குறையும். அதே சாலை, முன்பு பேருந்தில் சென்ற சிலரைக் காருக்கு இழுக்கவும் கூடும். அவ்வாறு மாறும் ஒவ்வொருவரும் 0.55 யூனிட்டிலிருந்து 6 யூனிட்டுக்கு மாறுகிறார்.

மின்சார ஸ்கூட்டரும் மின்சாரப் பேருந்தும்

மின்சார ஸ்கூட்டர் பத்துக் கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 யூனிட் மின்சாரத்தையே எடுக்கிறது. நிலக்கரிக் கணக்கில் மூன்றால் பெருக்கினால் 1 யூனிட். பெட்ரோல் ஸ்கூட்டரில் இருவர் செல்வதற்கு மின்சார ஸ்கூட்டரில் ஒருவர் செல்வது ஈடாகிறது. இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

மின்சாரப் பேருந்தின் கதை சற்று வேறு. ஹைதராபாத்தில் 2019-இல் விமான நிலைய வழித்தடங்களில் இவ்வகைப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. பெரிய மின்சாரப் பேருந்து ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். குளிர்சாதனம் இருந்தால் இன்னும் கூடும். பத்துக் கிலோமீட்டருக்கு 10 யூனிட். நிலக்கரிக் கணக்கில் அது 30 யூனிட் ஆவதால், 22 யூனிட் செலவிடும் டீசல் பேருந்தைவிடக் குறைவு என்று சொல்ல இயலாது. டீசல் எஞ்சின், பெட்ரோல் எஞ்சினைப்போல் அவ்வளவு ஊதாரியன்று என்பதே காரணம். தெருவில் புகையில்லை, இரைச்சலில்லை என்பவை மின்சாரப் பேருந்தின் மறுக்கவொண்ணாத சிறப்புகள். எரிபொருள் சிக்கனம் மின்நிலையத்தைப் பொறுத்தது. ராமகுண்டத்திலேயே நீர்த்தேக்கத்தின்மேல் மிதக்கும் 100 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2022-இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. சூரிய மின்சாரத்துக்கு மூன்றால் பெருக்க வேண்டியதில்லை. சூரியன், காற்று, நீர் ஆகியவற்றின் பங்கு வளர வளர, மின்சாரத்தால் ஓடும் எல்லா வண்டிகளின் கணக்கும், ரயிலின் கணக்கு உட்பட, குறைந்துகொண்டே வரும்.

தொலைதூரப் பயணம் குறித்து ஒரு சொல். ஹைதராபாத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் விரைவு ரயில் பல கிலோமீட்டர்களுக்கு ஒரு முறையே நிற்கிறது. இருக்கைகளும் படுக்கைகளும் பெரும்பாலும் நிரம்பியே செல்கின்றன. புறப்படும் செலவு சிறிதாகி, தண்டவாளத்தின் ஆதாயம் முழுமையாக வெளிப்படுவது அங்கேதான். அதே பயணத்துக்கு விமானம், எல்லா இருக்கைகளும் நிரம்பிய நிலையிலும், ஒருவருக்கு 15 முதல் 20 லிட்டர் எரிபொருளைச் செலவிடும். வேகத்துக்கு விலை உண்டு. 1950-இல் கப்ரியேல்லி, ஃபான் கார்மான் என்னும் இரு பொறியியல் அறிஞர்கள் கப்பல், ரயில், மோட்டார், விமானம் ஆகிய அனைத்தையும் ஒரே வரைபடத்தில் வைத்து, வேகம் கூடக்கூட ஒரு டன்னைக் கொண்டுசெல்லத் தேவைப்படும் திறன் எவ்வாறு ஏறுகிறது என்பதைக் காட்டினர். அவ்வரைபடத்தில் அவர்கள் வரைந்த எல்லைக் கோட்டைத் தனி வண்டி எதுவும் அக்காலத்தில் கடக்கவில்லை.

வகுப்பறைக்கும் களத்துக்கும் ஏற்ற கணக்கு

மேற்கண்ட எண்களில் பலவற்றைப் பள்ளி மாணவர்களே சரிபார்க்கலாம். சுருள்வில் தராசு ஒன்றைக் கயிற்றின் நுனியில் கட்டி, ஒருவர் அமர்ந்த சைக்கிளைச் சமதளத்தில் மெதுவாகவும் சீராகவும் இழுத்தால் உராய்வு விசையைக் கிலோ எடையாகவே படிக்கலாம். டயரில் காற்றைக் குறைத்து மீண்டும் இழுத்தால் முள் எவ்வளவு ஏறுகிறது என்பதையும் காணலாம். ஸ்கூட்டரின் உண்மைச் செலவை அறிய, தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, 100 கி.மீ. அளவு ஓட்டியபின் மீண்டும் விளிம்பு வரை நிரப்பி, இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் கூறப்படும் எண்ணைப் பயன்படுத்தலாகாது.

பயணிகளை எண்ணுவதே முதன்மையான பணி. களப்பணியாளர் ஒருவர் பேருந்து நிறுத்தத்திலும், இன்னொருவர் ரயில் நிலையத்திலும், மூன்றாமவர் சாலையோரத்திலும் நிற்க வேண்டும். சாலையோரத்தில் நிற்பவர் வண்டிகளை எண்ணினால் போதாது. ஒவ்வொரு காரிலும் ஸ்கூட்டரிலும் எத்தனை பேர் என்பதையும் எண்ண வேண்டும். எண்ணிக்கையை வேலை நாளில் காலை எட்டு மணி முதல் ஒன்பது வரையும், பிற்பகல் இரண்டு மணி முதல் மூன்று வரையும் இரு திசைகளிலும் எடுத்தல் வேண்டும். நான்கு எண்களையும் கூட்டிச் சராசரி காணாமல் தனித்தனியே எழுதி வைத்தால், எந்த நேரத்து வண்டி எந்தத் திசையில் காலியாக ஓடுகிறது என்பது தாளிலேயே தெரியும்.